பாமும் எழுத்தில் ஒன்று மட்டும் காணாமல் போகிறது, கூடவே பாதிப் பத்தியும்

கேள்வி: மெய்ப்புப்பார்வை

எல்லோருக்கும் வணக்கம். உலக எழுத்துமுறைகள் பற்றி மாணவர்களுக்காகத் தயாராகும் ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சிலும் இணையத்திலும் வரப்போகிற நூல். அதில் கேமரூன் நாட்டின் பாமும் எழுத்துக்கு நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கேமரூனில் ஃபும்பானைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மன்னர் இப்ராகிம் இன்ஜோயா, 1896 வாக்கில் தன் மக்களின் மொழிக்கென ஓர் எழுத்தை உருவாக்கினார். பலகையில் மனிதக் கையை வரைந்து, அதைக் கழுவிய நீரைக் குடிக்கும்படி கனவில் ஒருவர் அவரிடம் சொன்னாராம். அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை இது. தொடக்கத்தில் ஏறத்தாழ 500 குறிகள், பெரும்பாலும் சொல்லுக்கு ஒரு படம். மன்னரும் அவருடைய ஆட்களும் அவற்றை மறுபடி மறுபடி திருத்தி, 1910 அளவில் 80 குறிகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில். அந்த 80-க்கு ‘அ கா உ கூ’ என்று பெயர். அதன் முதல் நான்கு எழுத்துகளே பெயராகிவிட்டன, நம் அரிச்சுவடியைப் போல. பிறப்பு, திருமணப் பதிவுகளும் நீதிமன்ற வழக்குகளும் இந்த எழுத்தில் பதிவாயின. இதையெல்லாம் படித்த பிறகு இந்தப் பக்கங்களில் ஒரு புள்ளிகூடப் பிசகக்கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இப்போது சிக்கல். ‘அ கா உ கூ’ நான்கும் எங்கள் கோப்பில் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆனால் ‘லேவா’ என்று அழைக்கப்படும் முதல் கட்டத்து எழுத்துகளில் ஒன்றையும் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். யூனிகோடு பட்டியலில் பழைய பாமும் எழுத்துகளில் முதலாவதாக நிற்பது அது, பெயர் ‘இங்குவே இம்ஃபோன்’. இம்ஃபோன் என்றால் மன்னர். அந்த எழுத்து என் கணினியில் வெற்றுப் பெட்டியாக நிற்கிறது. பக்க வடிவமைப்பாளரின் முன்னோட்டத்தில் இரண்டு பெட்டிகளாகத் தெரிகிறது. ஒருமுறை அழித்தால் ஒரு பெட்டி மட்டும் போகிறது. இணையப் பதிப்பில்தான் பெரிய கொடுமை. பத்தியைச் சேமித்துவிட்டுத் திறந்தால், அந்த எழுத்து இருந்த இடத்தோடு பத்தியே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இருந்த 11 வரிகள் இல்லை. அவை மன்னர் 1931-இல் யவுண்டேவுக்கு நாடுகடத்தப்பட்டதையும், 1933-இல் அங்கேயே இறந்ததையும் சொல்லும் வரிகள். இணையப் பக்கத்தைப் படிக்கும் மாணவருக்கு அவர் வாழ்க்கை 1896-லேயே நின்றுவிடுகிறது.

குறியீடு தவறா, எழுத்துரு தவறா, நாங்கள்தான் ஏதாவது தவறு செய்கிறோமா? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.


பதில் 1: அச்சுக்கோப்பு

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். சில எழுத்துருக்களில் இன்றைய பாமும் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும், பழைய கட்டத்து எழுத்துகள் இருக்காது. நோட்டோ சான்ஸ் பாமும் இரண்டையும் தாங்குகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதை நிறுவி, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் எழுத்துருவை நீங்களே தேர்ந்து கொடுத்துப் பாருங்கள்.


மெய்ப்புப்பார்வை

நன்றி. நிறுவிவிட்டேன். என் கணினியில் பெட்டி போய் எழுத்து வந்துவிட்டது! திரையில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் முன்னோட்டத்தில் இரண்டு பெட்டியும், இணையத்தில் பத்தி அறுபடுவதும் அப்படியே இருக்கின்றன. எழுத்துரு மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.


பதில் 2: பழைய விசைப்பலகை

அம்மா, உங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. ஒரே எழுத்தில் மூன்றும் வெளிப்பட்டதால் ஒன்றாகத் தெரிகிறது. முதலாவது எழுத்துரு; அது தீர்ந்தது. மற்ற இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அந்த எழுத்தின் எண்.

யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. வழக்கமாக அதைப் பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினறும முறையில் எழுதுவார்கள். நான் பதின்மத்திலேயே தருகிறேன், கணக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்கு எளிதாக இருக்கும். பாமுமுக்கு இரண்டு வீடுகள். முதல் வீடு 2009-இல் யூனிகோடு 5.2 பதிப்பில் வந்தது, 42656-இல் தொடங்குகிறது. இன்றைய எழுத்துகள் 80, எழுத்தின் மேலே ஏறும் குறிகள் 2, நிறுத்தக்குறி வகையில் 6, ஆக 88. இரண்டாவது வீடு அடுத்த ஆண்டு, 6.0 பதிப்பில் வந்தது. மன்னர் கழித்துக்கொண்டே வந்த பழைய குறிகள் 569-உம் அங்கே குடியிருக்கின்றன. அது 92160-இல் தொடங்குகிறது. உங்கள் எழுத்து அந்த வீட்டின் வாசற்படி, 92160-ஏதான்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது: 65536. யூனிகோடு தொடங்கிய காலத்தில் உலக எழுத்துகளெல்லாம் அந்த மதிலுக்குள் அடங்கிவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாமும் ‘அ’வின் எண் 42656, மதிலுக்கு உள்ளே, எங்கும் தடையில்லை. இங்குவே இம்ஃபோன் மதிலுக்கு வெளியே. அங்கேதான் தடுக்கி விழுகிறது.

இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். இந்த எண்களைக் கணினியில் எழுதிவைக்கும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-16. அதில் மதிலுக்கு வெளியே உள்ள எழுத்தை ஒரே துண்டாக எழுத முடியாது. பதிலி இணை என்று இரண்டு துண்டுகளாக எழுதுவார்கள். உங்கள் எழுத்துக்கு அந்த இணை 55322, 56320. கணக்கைக் கவனியுங்கள். முதல் துண்டிலிருந்து 55296-ஐக் கழித்தால் 26. அதை 1024-ஆல் பெருக்கினால் 26624. இரண்டாவது துண்டிலிருந்து 56320-ஐக் கழித்தால் 0. இரண்டையும் கூட்டி 65536-ஐச் சேர்த்தால் 92160. சரியாக வந்து நிற்கிறதா? உங்கள் முன்னோட்டக் கருவிக்கு இந்தக் கூட்டல் தெரியவில்லை. இரண்டு துண்டையும் இரண்டு எழுத்தென்று எண்ணி, தனித்தனிப் பெட்டி போடுகிறது. ஒருமுறை அழித்து ஒரு பெட்டியை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே சேமித்துவிடாதீர்கள். மிஞ்சும் அரைத்துண்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. கோப்பு முழுவதையுமே சில மென்பொருள்கள் திறக்க மறுக்கும்.

அடுத்து, பத்தி அறுபடுவது. இணையத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்ற இன்னொரு முறையில் சேமிக்கின்றன. அதில் ‘அ’வுக்கு மூன்று பைட்டு: 234, 154, 160. இங்குவே இம்ஃபோனுக்கு நான்கு: 240, 150, 160, 128. சில தரவுத்தளங்களில் யூடிஎஃப்-8 என்று பெயர் வைத்துவிட்டு, எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் இடம் தராத பழைய அமைப்பு ஒன்று உண்டு. நான்காவது பைட்டு வந்ததும், கண்டிப்பான நிலையில் இருந்தால் பிழை காட்டி நிறுத்தும். தளர்வான நிலையில் இருந்தால் அந்த எழுத்திலிருந்து மீதி உரை முழுவதையும் வெட்டிவிட்டு, சேமித்தாயிற்று என்று சொல்லும். உங்களுடையது இரண்டாவது வகை. என் அனுபவத்தில் இதைவிடக் கெட்ட பிழை வேறில்லை. பிழை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பீர்கள்.

தீர்வு என்னவென்றால், தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி அந்த அட்டவணையை நான்கு பைட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பை மறந்துவிடுவார்கள். தளத்திலிருந்து தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்பின் குறியாக்கமும் மாற வேண்டும். எழுத்துக்கு நான்கு பைட்டு என்று ஆனதும் விரைவாகத் தேடுவதற்காகச் சுட்டி (இன்டெக்ஸ்) போட்டிருக்கும் நீளமான புலங்கள் அளவு மீறலாம், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அந்த 11 வரிகளை மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். வெட்டுப்பட்டவை தரவுத்தளத்தில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை.


பதில் 3: நேர்வழி

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரே எழுத்துதானே, படமாக ஒட்டிவிடலாம். படம் வேண்டாமென்றால் இன்னொரு வழி. பாமும் முதல் பகுதியில் மொத்தம் 96 இடம், 88-தான் நிரம்பியிருக்கிறது. 42744 முதல் 42751 வரை எட்டு இடம் காலி. எழுத்துருவில் அந்த இடத்தில் இந்த எழுத்தை வரைந்துகொண்டால் மூன்று பைட்டுக்குள் முடிந்துவிடும், தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம்.


பழைய விசைப்பலகை

நண்பரே, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த எட்டு இடத்தைத் தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

காலியாக இருப்பதால் அது நமக்குரியதாகிவிடாது. நாளைக்கு அந்த இடம் வேறொரு குறிக்கு ஒதுக்கப்படலாம். அன்றைக்கு இந்த நூலில் மன்னர் நிற்கிற இடத்தில் வேறேதோ நிற்கும். அதுவரைக்கும்கூட, உங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் பெட்டி. தேடினால் கிடைக்காது, படியெடுத்து ஒட்டினால் பொருளிழக்கும். 92160 என்று எழுதிவிட்டால் அந்த எண்ணும் பெயரும் மாறவே மாறாது. யூனிகோடு தானே விதித்துக்கொண்ட நிலைத்தன்மை விதி அது. இன்றைக்குப் பெட்டியாகத் தெரிந்தாலும் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். எழுத்துரு வந்ததும் முகம் காட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தமிழுக்கு யூனிகோடு பரவாத காலத்தில், லத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்துவைத்த ஓர் எழுத்துருவில் என் ஆசிரியரின் கட்டுரைகள் முழுவதையும் நானே தட்டச்சு செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க அடித்தது. சில ஆண்டு கழித்து வேறொரு கணினியில் திறந்தபோது தமிழில் ஒரு சொல்கூட இல்லை, அடைப்புக்குறியும் டாலர் குறியும் உடைந்த லத்தீனும்தான். அந்த எழுத்துருவை உருவாக்கியவரிடமே அதன் பிரதி இருக்கவில்லை. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று அச்சுப்படியை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். இரண்டு கட்டுரைகளுக்கு அச்சுப்படி கிடைக்கவில்லை. அவை போனது போனதுதான்.

பாமும் எழுத்துக்கு இழப்பு புதிதில்லை. இன்ஜோயா செம்பில் எழுத்து வார்த்து அச்சுக்கூடம் நடத்தத் திட்டமிட்டார். அந்தக் கனவு நிலைக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் பள்ளிகளும் எழுத்தும் ஒடுக்கப்பட்டன, மன்னரும் நாடுகடத்தப்பட்டார். ஃபும்பான் அரண்மனையிலும் வீடுகளிலும் தப்பிக் கிடந்த கையெழுத்துப் படிகளை, பாமும் எழுத்து ஆவணக்காப்பகத் திட்டம் என்ற பெயரில் தேடிச் சேர்த்து, படமெடுத்துப் பாதுகாக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணை நின்றது. அந்தப் படிகளைப் படித்து, யூனிகோடுக்கு முன்மொழிவு எழுதி, 657 குறிகளுக்கும் ஆளுக்கோர் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடம் இருக்கும்போது நாம் அதைப் படமாக ஒட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.


நேர்வழி

சரி, புரிகிறது. காலியிடம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பதில் 4: அசைபிரிப்பான்

உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று கண்ணில் உறுத்துகிறது. ‘லேவா கட்டத்து எழுத்துகளில் ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எழுத்துக்கு அது சரிதான். பக்கத்தில் வேறு பழைய எழுத்துகளும் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றின் யூனிகோடு பெயரைப் பார்த்துக் கட்டத்தைக் குறித்திருக்கிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பாமும் எழுத்துகளின் பெயரில் ‘கட்டம் ஏ’ முதல் ‘கட்டம் எஃப்’ வரை ஒரு முன்னொட்டு வரும். பார்த்தவுடன், அந்தக் கட்டத்தில் பிறந்த எழுத்து என்றுதான் எவரும் எண்ணுவார்கள். உண்மையில் அது அந்த எழுத்து கடைசியாகப் புழங்கிய கட்டம். 92263-ஆம் எண்ணில் இருக்கும் ‘பிட்’, கட்டம் பி. அதோடு அதன் புழக்கம் முடிந்தது. 92398-இல் இருக்கும் ‘பின்’ அதையும் தாண்டி வந்து, கட்டம் சி-யில் ஓய்ந்தது. எல்லாக் கட்டத்தையும் கடந்து பிழைத்தவைதான் முதல் வீட்டில் இருக்கின்றன. ஆக, ‘கட்டம் சி’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ‘மூன்றாம் கட்டத்தில் உருவானது’ என்று எழுதினால் தவறாகிவிடும்.

எண்களையும் ஒருமுறை பாருங்கள். 80 எழுத்துகளில் கடைசிப் பத்து, 42726 முதல் 42735 வரை, எழுத்தாகவும் எண்ணாகவும் பயன்படுகின்றன. வரிசை ஒன்றில் தொடங்கி ஒன்பது வரை போய், கடைசியில் ‘கோகோம்’ வருகிறது. அது முன்பு பத்தைக் குறித்தது. இடமதிப்பு முறைக்கு மாறியபோது அதையே சுழியமாக்கிக்கொண்டார்கள். நம்மிடமும் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறி இருந்து, சுழியம் பின்னால் சேர்ந்ததுதானே. அதனால் எனக்கு இந்தக் கோகோம் மீது தனிப் பிரியம். யூனிகோடு இவற்றைச் சாதாரண இலக்கங்களாக வகைப்படுத்தாமல், எழுத்து வடிவ எண்கள் என்ற வகையில் வைத்திருக்கிறது. உங்கள் தளத்தில் ‘இலக்கமா’ என்று சோதிக்கும் நிரல் இருந்தால் இல்லையென்றே சொல்லும். அது பிழையில்லை.

மேலே ஏறும் இரண்டு குறிகளில் ஒன்றான துக்வென்டிஸ், அசையிலுள்ள உயிரை நீக்கி மெய்யாக்கும். புள்ளி என்று சொன்னால் நம் மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடும். எழுத்தை முதலில் அடித்து, குறியைப் பின்னால் அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் முந்தைய எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.


மெய்ப்புப்பார்வை

அசைபிரிப்பான் அவர்களே, நீங்கள் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்தின் கீழே ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ‘இந்தக் கட்டத்தில் உருவானது’ என்று குறிப்பு. யூனிகோடு பெயரைப் பார்த்து அந்தக் குறிப்புகளை எழுதியவள் நானேதான். ஆசிரியருக்கு உதவியாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். ஆறையும் ‘இந்தக் கட்டம்வரை புழங்கியது’ என்று மாற்றி, ஏன் மாற்றினேன் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதிவிட்டேன். அச்சுக்குப் போக ஒன்பது நாள்தான் இருந்தது.

பழைய விசைப்பலகை ஐயா, தரவுத்தளம் பார்ப்பவர் நேற்றிரவு அட்டவணையை மாற்றினார். நீங்கள் எச்சரித்தபடியே முதல் முயற்சியில் பத்தி மறுபடி அறுந்தது. இணைப்பையும் மாற்றச் சொன்னேன். ‘அது எப்படி உங்களுக்குத் தெரியும்?’ என்று கேட்டார். ஒரு பெரியவர் சொன்னார் என்றேன்.

பிறகு சோதனைக்காக ஒரே ஒரு வரி ஏற்றினேன்: ‘அ கா உ கூ’ நான்கும், அடுத்து இங்குவே இம்ஃபோன், அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளி வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. வந்தது. அதன் பிறகே 11 வரிகளையும் ஏற்றினேன். வடிவமைப்பாளர் முன்னோட்டக் கருவியைப் புதுப்பித்துக்கொண்டார். இரண்டு பெட்டி இப்போது ஓர் எழுத்து.

இணையப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து கடைசிவரை உருட்டிப் பார்த்தேன். பத்தி ‘யவுண்டே, 1933’ என்று முடிகிறது. சில வாசகர்களின் கைப்பேசியில் எழுத்துரு இல்லாமல் பெட்டி தெரியலாம் என்பதால், பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். அச்சுக்கான கோப்பிலும் எழுத்துருவை உட்பொதித்தாயிற்று. அந்தக் கோப்பிலிருந்து எழுத்தைப் படியெடுத்து இன்னொரு கோப்பில் ஒட்டிப் பார்த்தேன். எண் 92160 என்றே வருகிறது.